புகையிலையைத் தேடிப் போய் ஒட்டகத்தைப் பிடித்த கதை

இணையத்தில் "திண்டுக்கல்" என்று தட்டிப் பாருங்கள். பிரியாணி வரும், பூட்டு வரும், மலைக்கோட்டை வரும். இன்னும் கொஞ்சம் கீழே போனால் சிறுமலை வாழைப்பழம் வரும். குறை சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் நம்ம ஊர்ச் சரக்குதான். பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடுகூட கிடைத்துவிட்டது. ஆனால் இந்த ஊர்க்காரனான எனக்கு அந்த முதல் பக்கத்தில் புதுச் சங்கதி என்று ஒன்றுகூட இல்லை. தேடல் பெட்டி ரொம்ப நல்ல பிள்ளை. கேட்டதைக் கொடுக்கும். நமக்குக் கேட்கத் தெரியாததை அதனிடம் எப்படிக் கேட்பது?

அப்படிக் கேட்கத் தெரியாத விஷயங்கள் கைக்கு வந்து சேரும் விதத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. பொதுவாகப் பேசினால் ஒட்டாது. அதனால் ஒரே ஒரு தேடலை எடுத்துக்கொண்டு, அது என்னை எங்கெல்லாம் இழுத்துக்கொண்டு போனது என்று வரிசையாகச் சொல்கிறேன். ஆரம்பத்தில் கையில் இருந்த கேள்வி ரொம்பச் சின்னது: திண்டுக்கல் புகையிலைக்கு வெளியுலகத்தில் என்ன பேர்?

ஊர் பேர் இல்லாத சரக்கு

வேடசந்தூர் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குப் புகையிலைக் காடு தெரிந்திருக்கும். மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனம் ஓர் ஆய்வு நிலையத்தையே வேடசந்தூரில் வைத்தது என்றால், இந்தச் சமவெளிக்கும் அந்தச் செடிக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. சென்னையில் பெரிய கடை வைத்திருந்த ஸ்பென்சர் கம்பெனி சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியதும் திண்டுக்கல்லில்தான். (புகையிலை உடம்புக்குக் கெடுதல், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் கெடுதலான பொருளுக்கும் வரலாறு உண்டு. அதை நட்டவர்கள், உலர்த்தியவர்கள், உட்கார்ந்து சுருட்டியவர்கள் இருக்கிறார்கள்.)

இவ்வளவு இருந்தும் "திண்டுக்கல் புகையிலை" என்று ஆங்கிலத்தில் தேடினால் வருவது ரொம்பக் கொஞ்சம். சரி, சுருட்டுக்கு ஆங்கிலத்தில் என்ன? "செரூட்". அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாமே என்று ஒரு கிளிக். அங்கேதான் தடம் ஆரம்பித்தது.

அது போய் நின்ற இடம் "ஹாப்சன்-ஜாப்சன்". ஹென்றி யூல், ஆர்தர் கோக் பர்னெல் என்ற இரண்டு பேர் தொகுத்த அகராதி, 1886-ல் வெளிவந்தது. இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களின் பேச்சில் கலந்துபோன நம்ம ஊர்ச் சொற்களுக்கெல்லாம் அதில் விளக்கம் உண்டு. கட்டுமரம், கஞ்சி, மிளகுத்தண்ணீர் எல்லாம் அதில் வேஷம் மாறி நிற்கும். பர்னெல் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தவர், தென்னாட்டுச் சொற்களை நன்றாக அறிந்தவர். "செரூட்" என்பது தமிழ்ச் "சுருட்டு"தான் என்று அந்த அகராதி சொல்கிறது. சுருட்டுவதால் சுருட்டு. நம் வாயில் புழங்கும் ஒரு வினைச்சொல் கப்பலேறிப் போய் ஆங்கில அகராதியில் உட்கார்ந்திருக்கிறது.

செரூட்டைப் பிடித்துக்கொண்டு போனால் உடனே எதிரே வருவது "டிரிச்சினோபோலி". அதாவது திருச்சிராப்பள்ளி. உறையூரில் சுருட்டிய சுருட்டு "டிரிச்சி" என்ற செல்லப் பெயரில் இங்கிலாந்து வரை போனது. அதற்கான இலை விளைந்தது எங்கே? திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில். அடடா! இத்தனை நேரம் நான் தேடியது கிடைக்காததற்குக் காரணம் இதுதான். இலை நம்முடையது, பேர் பக்கத்து ஊருடையது.

லண்டனில் கொஞ்சம் சாம்பல்

"டிரிச்சினோபோலி சுருட்டு" என்று தேடல் பெட்டியில் போட்டதும் நான் கனவிலும் நினைக்காத ஆள் ஒருவர் வந்து நின்றார். ஷெர்லாக் ஹோம்ஸ்.

ஆர்தர் கோனன் டாயில் எழுதிய முதல் ஹோம்ஸ் கதை "எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்", 1887-ல் வந்தது. லண்டனில் ஆளில்லாத ஒரு வீட்டில் பிணம் கிடக்கிறது. ஹோம்ஸ் தரையில் கிடந்த கொஞ்சம் சாம்பலைக் கவனமாக எடுத்து உறையில் போட்டுக்கொள்கிறார். பிறகு, கொலைகாரன் பிடித்தது டிரிச்சினோபோலி சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். கருத்த நிறம், செதில் செதிலாக உதிரும் தன்மை, இரண்டும் அவருக்கு அடையாளம். 1890-ல் வந்த "தி சைன் ஆஃப் ஃபோர்" கதையில், 140 வகைப் புகையிலைச் சாம்பல்களைப் பற்றித் தான் ஒரு நூலே எழுதியிருப்பதாகச் சொல்லிக்கொள்வார். அங்கேயும் டிரிச்சினோபோலி தலைகாட்டும்.

கதைதான், ஆனாலும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். சாம்பல் என்பது என்ன? இலையில் எரியக்கூடியதெல்லாம் எரிந்து போனபின் மிஞ்சும் தாதுக்கள். பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் மாதிரி. அவையெல்லாம் செடி மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் உறிஞ்சியவை. மெக்னீசியம் கூடினால் சாம்பல் வெளுக்கும். குளோரைடு கூடினால் இலை சரியாகப் பற்றாது, அணைந்து அணைந்து போகும். ஆக, சாம்பலைப் படிப்பது ஒருவகையில் மண்ணைப் படிப்பதுதான். லண்டன் வீட்டுத் தரையில் ஹோம்ஸ் குனிந்து பார்த்தது நம்ம கிணற்றுப் பாசன மண்ணை என்று சொன்னால் ரொம்ப மிகையாகிவிடாது.

ஒட்டகம் வந்த வழி

இத்தோடு ஜன்னலை மூடியிருக்கலாம். என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் மனசு கேட்கவில்லை. சாம்பலை வைத்து ஆளைச் சொல்லும் இந்த வித்தை யாரிடமிருந்து வந்தது? இன்னொரு கிளிக்.

இந்தக் கேள்வியைச் சரியாகத் துலக்கியவர் கார்லோ கின்ஸ்பர்க் என்ற இத்தாலிய வரலாற்று ஆய்வாளர். 1979-ல் அவர் எழுதிய ஒரு நீண்ட கட்டுரை ஹோம்ஸிலிருந்து பின்னோக்கி நடக்கிறது. போகிற வழியில் வால்டேர் எழுதிய "சாடிக்" வருகிறது, 18-ம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கதை. ராணியின் நாயையும் ராஜாவின் குதிரையையும் கண்ணால் பார்க்காமலே, மணலில் இருந்த தடங்களை வைத்து சாடிக் அங்க அடையாளம் சொல்லிவிடுவான், அதனாலேயே மாட்டிக்கொள்வான். வால்டேருக்கு முன்னால்? 1557-ல் வெனிஸில் அச்சான ஒரு புத்தகம். "செரன்டிப் அரசனின் மூன்று புதல்வர்கள் செய்த பயணம்" என்பது அதன் தலைப்பின் பொருள். அதற்கும் முன்னால், 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெல்லியில் இருந்த அமீர் குஸ்ரு பாரசீக மொழியில் எழுதிய காவியத்தில் அதே இளவரசர்கள்.

செரன்டிப் என்றால் எது? நம்ம பக்கத்தில் இருக்கும் இலங்கை. அரபிகளும் பாரசீகர்களும் அதைச் சரந்தீப் என்றார்கள்.

கதை இதுதான். தொலைந்துபோன ஒட்டகத்தைத் தேடி ஒருத்தன் வருகிறான். ஒட்டகத்தைப் பார்க்காத இளவரசர்கள், "அதற்கு ஒரு கண் குருடு, ஒரு கால் நொண்டி" என்று அடையாளம் சொல்கிறார்கள். பாதையில் ஒரு பக்கப் புல் மட்டும் மேய்ந்திருந்தது, ஒரு காலின் தடம் மட்டும் இழுபட்டிருந்தது, அவ்வளவுதான் அவர்கள் கண்டது. இந்தக் கதையைப் படித்த ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர், 1754 ஜனவரி 28 அன்று நண்பர் ஹோரஸ் மானுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு புதுச் சொல்லை உருவாக்கினார்: "செரன்டிபிட்டி". தேடாமல் ஒன்றைக் கண்டடைவது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடிதத்தில் ஒட்டகம் கோவேறு கழுதையாக மாறிவிட்டது. அதைவிட முக்கியமான ஒன்றும் அதில் இருக்கிறது. அதிர்ஷ்டத்தை மட்டும் அவர் சொல்லவில்லை, தற்செயலும் கூர்மதியும் சேர்ந்தது என்றார். இன்றைக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள்.

கின்ஸ்பர்க்கோடு போய் வெனிஸ் வரை சுற்றியாகிவிட்டது. தமிழில் இந்த ஒட்டகம் இல்லாமலா இருக்கும்? இருக்கிறது. "அலகேச கதை" என்ற நாலு மந்திரிகளின் கதை அந்த ஒட்டகத்தோடுதான் தொடங்குகிறது. இதில் நாலு இளைஞர்கள். நொண்டி, ஒரு கண் குருடு என்பதோடு நிற்காமல், வால் குட்டை என்றும் வயிற்றுவலி என்றும் சேர்த்துச் சொல்வார்கள். வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக ரத்தம், கொசு கடித்ததை விரட்ட வால் எட்டவில்லை என்று அர்த்தம். முன்னங்கால் தடம் அழுத்தமாக இருக்கிறது, பின்னங்கால் தடம் லேசாகத்தான் பதிந்திருக்கிறது, வலியில் வயிற்றை எக்கிக்கொண்டு நடந்திருக்கிறது. ராஜா மெச்சி நாலு பேரையும் மந்திரியாக்கிக்கொள்கிறார்.

இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் பண்டித நடேச சாஸ்திரி. டபிள்யூ. ஏ. கிளவுஸ்டன் 1889-ல் வெளியிட்ட கீழைநாட்டுக் கதைத் தொகுப்பிலும் இது சேர்ந்தது. யார் இந்த நடேச சாஸ்திரி என்று பார்த்தால், 1894-ல் "தானவன்" என்ற நூலை எழுதியவர். தமிழின் முதல் துப்பறியும் கதைகளில் ஒன்று அது! ஒட்டகத்தின் தடத்தைப் படித்த நாலு பேரை இங்கிலீஷுக்கு அனுப்பிவைத்த அதே கை, இங்கிலீஷ் பாணித் துப்பறியும் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறது. ராத்திரி அந்நேரத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய முடியும்?

பழனிக்குப் போன தூது

ஆங்கிலத்தில் சுற்றியது போதும் என்று "புகையிலை"யைத் தமிழிலேயே தட்டினேன். செய்திகள், விலை நிலவரம், எச்சரிக்கை விளம்பரம், இவற்றுக்கெல்லாம் கீழே "புகையிலை விடு தூது" என்று ஒரு வரி.

மதுரைத் திட்டம் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. 1998 பொங்கல் அன்று தொடங்கி, பழைய தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாக இணையத்தில் ஏற்றும் வேலை அது. புகையிலை விடு தூதை எழுதியவர் சீனிச்சர்க்கரைப் புலவர். (புகையிலையைப் பாடியவருக்கு எப்பேர்ப்பட்ட பேர் பாருங்கள்!) பதிப்பித்தவர் உ. வே. சாமிநாதையர். அன்னம், மேகம், கிளி, தென்றல் என்று தூது விட்ட மொழியில் இவர் புகையிலையைத் தூது விடுகிறார். யாரிடம்? பழனி முருகனிடம்.

திண்டுக்கல்லில் பஸ் ஏறினால் சுமார் 60 கிலோமீட்டர். அங்கே போய் நிற்க நான் லண்டன், வெனிஸ், டெல்லி எல்லாம் சுற்ற வேண்டியிருந்தது.

அந்தத் தூதில் புகையிலை என்ற பேருக்கு ஒரு கதை உண்டு. மும்மூர்த்திகளுக்குள் ஒரு வழக்கு. தேவர்கள் ஆளுக்கு ஓர் இலையைக் கொடுத்து, நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். சிவனிடம் கொடுத்த வில்வத்தைக் கங்கை அடித்துக்கொண்டு போய்விட்டது. திருமாலிடம் கொடுத்த துளசியைப் பாற்கடல் கொண்டுபோய்விட்டது. பிரமனுடையது மட்டும் சரஸ்வதியிடம் பத்திரமாக இருந்தது. "மற்றதெல்லாம் போயிற்று, என்னுடையது போகையிலை" என்றாராம் பிரமன். போகையிலை, புகையிலை! அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் காலத்தில் இங்கே வந்து சேர்ந்த செடிக்கு எவ்வளவு சீக்கிரம் புராணம் கட்டிவிட்டார்கள்.

ஏன் இப்படிச் சுற்ற வேண்டும்?

இதையெல்லாம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். பொழுது போகிறது என்பதும் உண்மைதான். ஆனால் திண்டுக்கல் மாதிரி ஓர் ஊரில் இருக்கிறவனுக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பது என் எண்ணம்.

காரணம், எங்கள் ஊரின் கதை எங்கள் ஊர் பேரில் இல்லை. புகையிலை திருச்சி பேரில் இருக்கிறது. சின்னாளபட்டியில் சுங்குடி போடுகிறார்கள், புவிசார் குறியீடு மதுரை சுங்குடிக்கு. ஹைதர் அலி 1755-ல் திண்டுக்கல்லுக்கு ஃபவுஜ்தாராக வந்து இங்கேதான் தன் பலத்தைப் பெருக்கினார், அதைப் படிக்க மைசூர் வரலாற்றுக்குள் போக வேண்டும். 1772-ல் கணவரை இழந்த வேலு நாச்சியார் ஒட்டன்சத்திரம் பக்கத்து விருப்பாச்சியில் கோபால நாயக்கரின் பாதுகாப்பில் தங்கினார், அந்தக் கதை சிவகங்கைக் கணக்கில் இருக்கிறது. திண்டுக்கல் தனி மாவட்டமானதே 1985-ல்தான். அதற்கு முந்தைய அரசு ஆவணங்களில் இது மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. நெல்சன் 1868-ல் எழுதிய மதுரைக் கையேட்டிலும், ஃபிரான்சிஸ் 1906-ல் எழுதிய மதுரை கெசட்டியரிலும்தான் எங்கள் தாத்தா காலத்துத் திண்டுக்கல் கிடக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி "திண்டுக்கல் வரலாறு" என்று தேடினால் இது எதுவும் நேராக அவள் கண்ணில் படாது. நாலு வரியும் ஒரு கோட்டைப் படமும்தான் வரும். நம்ம ஊருக்கு இவ்வளவுதான் போல என்று அவள் நினைத்துக்கொண்டால், அது அவள் தப்பா?

1945 ஜூலையில் வன்னிவார் புஷ் என்ற அமெரிக்கப் பொறியாளர் "அட்லாண்டிக்" பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். "மெமெக்ஸ்" என்று ஒரு கருவியைக் கற்பனை செய்து, அதில் ஒரு ஏட்டிலிருந்து இன்னொரு ஏட்டுக்கு மனிதர்கள் தடம் போட்டு வைப்பார்கள், தடம் போடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் வருவார்கள் என்றார். வலைக்கு ரொம்ப முன்னால் சொன்னது. அவர் சொன்னதில் நம்மிடம் இன்னும் சரியாக வராதது அந்தத் தடம் போடும் வேலைதான். இன்றைக்குக் கைப்பேசியில் ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானாக ஓடுகிறது. அதுவும் ஊர் சுற்றல்தான், ஆனால் ஸ்டியரிங் நம் கையில் இல்லை. நேற்று பிரியாணி பார்த்தவனுக்கு இன்றைக்கும் பிரியாணிதான். பிரியாணி பார்த்தவனை எந்த இயந்திரமும் ஒட்டகத்திடம் கூட்டிக்கொண்டு போகாது.

நான் கடைப்பிடிக்கும் சில பழக்கங்கள்

பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, ஆனால் கேட்கிறவர்கள் இருப்பதால் எழுதுகிறேன்.

பழைய பேரில் தேடுங்கள். திருச்சிராப்பள்ளி அல்ல, டிரிச்சினோபோலி. மதுரை அல்ல, மதுரா. திண்டுக்கல்லையே வெள்ளைக்காரர்கள் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதியிருக்கிறார்கள், நாலைந்தையும் போட்டுப் பாருங்கள்.

கட்டுரையைவிட அடிக்குறிப்பைக் கவனமாகப் படியுங்கள். கதவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஒரே வாக்கியம் பத்துப் பக்கங்களில் அச்சு மாறாமல் வந்தால் அது பத்து சாட்சி ஆகாது, ஒரே சாட்சிதான். ஆண்டும் ஏடும் சொல்லும் பக்கம் கிடைக்கும்வரை அந்தத் தகவலைத் தனியாக வைத்துவிடுங்கள்.

எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு வந்தோம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நான் பள்ளி நோட்டில் அம்புக்குறி போட்டு எழுதுகிறேன். மறுநாள் காலையில் "ஒட்டகம்" என்று ஒற்றைச் சொல் மட்டும் நோட்டில் இருந்தால் ஒன்றும் புரியாது. "சுருட்டு → ஹோம்ஸ் → சாடிக் → ஒட்டகம்" என்று இருந்தால் மறுபடியும் நடந்து போகலாம், இன்னொருத்தரையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

கடைசியாக, இணையப் பக்கங்கள் செத்துப்போகும். இன்று இருப்பது அடுத்த வருஷம் இருக்காது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996-லிருந்து பக்கங்களைச் சேமித்து வருகிறது. அதன் வேபேக் மெஷினில் ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் நீங்களே சேமித்து வைக்கலாம். முக்கியமான பக்கம் என்று தோன்றினால் உடனே செய்துவிடுங்கள், ஒரு நிமிஷ வேலை.

இன்றைக்கு ராத்திரி நேரம் கிடைத்தால் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் ஊரில் விளைகிற ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் பேரை விட்டுவிட்டு, அதை வாங்கி விற்ற பக்கத்துப் பெரிய ஊரின் பழைய பேரில் தேடுங்கள். எங்கே போய் நின்றீர்கள் என்று எனக்கும் சொல்லுங்கள். நான் இப்போது சிறுமலை வாழைப்பழத்தில் இருக்கிறேன், அது எங்கே கொண்டுபோகும் என்று பார்ப்போம்.